நுரையீரல் படலத்தின் இழுவிசையை அளப்பது எப்படி?

மாணவர்களே, இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் நான்கைந்து முறை மூச்சை இழுத்து விட்டிருப்பீர்கள். நிமிடத்திற்கு 15 முறை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 21,600 முறை. ஒவ்வொரு முறையும் உங்கள் நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள் விரிந்து சுருங்குகின்றன. உயிரியல் பாடத்தில் 'அல்வியோலஸ்' என்று படித்திருப்பீர்களே, அவைதாம் இவை. தமிழில் காற்று நுண்ணறைகள் என்கிறோம். வளர்ந்த ஒருவரின் இரு நுரையீரல்களிலும் சேர்த்துச் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் உட்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் ஏறக்குறைய ஒரு பூப்பந்துத் திடலின் அளவை நெருங்கும்.

இந்த அறைகளின் உட்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். ஈரம் இருந்தால் மேற்பரப்பு இழுவிசையும் இருக்கும். அந்த இழுவிசை ஒவ்வொரு நுண்ணறையையும் சுருக்கி மூடப் பார்க்கும். அப்படியிருந்தும் நம் நுண்ணறைகள் மூடிக்கொள்வதில்லை. காரணம், அந்த ஈரத்தின் மேல் படர்ந்திருக்கும் மிக மெல்லிய ஒரு படலம். அந்தப் படலம் போதுமான அளவு இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் போராடுகின்றன. ஏன் போராடுகின்றன என்பது மருத்துவர்களுக்கு நெடுங்காலம் புரியவில்லை. விடை ஓர் ஆய்வுக்கூட அளவீட்டிலிருந்து கிடைத்தது. அந்த அளவீட்டை எப்படிச் செய்தார்கள் என்பதே இந்த வாரப் பாடம்.

மேற்பரப்பு இழுவிசை என்றால் என்ன?

ஒரு குவளை நீரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவில் உள்ள நீர் மூலக்கூற்றை எல்லாப் பக்கமும் உள்ள மூலக்கூறுகள் சமமாக இழுக்கின்றன. மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுக்கு மேலே துணை இல்லை. அதனால் அது உள்நோக்கி இழுக்கப்படுகிறது. இதன் விளைவாக நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோலைப் போல நடந்துகொள்கிறது. முடிந்த அளவு சிறிய பரப்பாகச் சுருங்கவே அது முயலும். மழைத்துளி உருண்டையாக இருப்பதும், சில பூச்சிகள் குளத்து நீரின் மேல் நடப்பதும் இதனால்தான்.

இந்த இழுவிசையை ஒரு மீட்டர் நீளக் கோட்டின் குறுக்கே செயல்படும் விசையாக அளக்கிறோம். அலகு மில்லிநியூட்டன்/மீட்டர். தூய நீருக்கு 25 டிகிரி செல்சியஸில் இது 72. நம் உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் 70. பழைய ஆய்வு நூல்களில் 'டைன்/சென்டிமீட்டர்' என்ற அலகைக் காணலாம். குழம்ப வேண்டாம், இரண்டிலும் எண் ஒன்றே.

ஒரு சிறு கணக்கு

வளைந்த மேற்பரப்பு தன் உள்ளே இருக்கும் காற்றை அழுத்துகிறது. நுண்ணறையை ஓர் உருண்டைக் குமிழியாக எடுத்துக்கொண்டால், லாப்லாஸ் விதி இப்படிச் சொல்கிறது:

அழுத்தம் = 2 × மேற்பரப்பு இழுவிசை ÷ ஆரம்

நுண்ணறையின் ஆரம் சுமார் 0.1 மில்லிமீட்டர், அதாவது 0.0001 மீட்டர். உட்சுவரில் வெறும் நீர் மட்டும் இருந்தால் இழுவிசை 0.070 நியூட்டன்/மீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்:

2 × 0.070 ÷ 0.0001 = 1,400 பாஸ்கல்

இது சுமார் 14 சென்டிமீட்டர் உயர நீர்க்கம்பத்தின் அழுத்தம். நாம் அமைதியாக மூச்சு விடும்போது நுரையீரலை விரித்து வைத்திருக்கும் அழுத்தமோ 5 முதல் 8 சென்டிமீட்டர் அளவுதான். வெறும் நீராக இருந்தால் நம் நுண்ணறைகள் திறந்தே இருக்க முடியாது என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிகிறது. உண்மையான நுண்ணறைகள் தனித்தனி உருண்டைகள் அல்ல; பக்கத்து அறைகளோடு சுவரைப் பகிர்ந்துகொள்பவை. ஆனாலும் இந்த எளிய கணக்கு நம்மைச் சரியான கேள்விக்கு அழைத்துச் செல்கிறது: நுண்ணறையில் இழுவிசை உண்மையில் எவ்வளவு?

முதல் தடயம்

1929ஆம் ஆண்டு கர்ட் வான் நீர்கார்ட் என்ற ஆய்வாளர் ஓர் எளிய சோதனையைச் செய்தார். விலங்கின் நுரையீரலை எடுத்து, முதலில் காற்றால் நிரப்பி, அதற்குத் தேவைப்பட்ட அழுத்தத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு காற்றை நீக்கிவிட்டு, உடல்நீருக்கு இணையான ஒரு கரைசலால் அதே அளவுக்கு நிரப்பினார். கரைசலால் நிரப்பத் தேவைப்பட்ட அழுத்தம் மிகவும் குறைவாக இருந்தது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கரைசலால் நிரப்பும்போது உள்ளே காற்றும் நீரும் சந்திக்கும் மேற்பரப்பே இல்லாமல் போகிறது. மேற்பரப்பு இல்லையென்றால் இழுவிசையும் இல்லை. ஆக, நுரையீரல் சுருங்க முயல்வதில் பெரும் பங்கு திசுவின் மீள்தன்மையால் வருவதன்று, மேற்பரப்பு இழுவிசையால் வருவது. இந்தக் கண்டுபிடிப்பை அடுத்த 25 ஆண்டுகளுக்குப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

கரையாத குமிழிகள்

1955இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பேட்டில் வேறொரு பாதையில் அதே இடத்துக்கு வந்தார். நச்சு வாயுக்களால் நுரையீரலில் உண்டாகும் நுரையை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். நுரையீரலிலிருந்து பிழிந்தெடுத்த மிகச் சிறிய குமிழிகளை நீரில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை உடையவும் இல்லை, கரைந்து மறையவும் இல்லை.

இதில் வியப்பு என்ன? 0.02 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு சாதாரணக் குமிழிக்கு லாப்லாஸ் விதியைப் போட்டுப் பாருங்கள். 7,000 பாஸ்கல் வருகிறது. அவ்வளவு அழுத்தத்தில் உள்ளே இருக்கும் காற்று சுற்றியுள்ள நீரில் கரைந்து வெளியேறிவிடும். குமிழி சிறுத்து மறைந்துவிடும். பேட்டில் பார்த்த குமிழிகள் மறையவில்லை என்றால் அவற்றினுள் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையென்றால் இழுவிசை ஏறக்குறைய சுழியம். நுரையீரலின் உட்சுவரில் நீரின் இழுவிசையை இவ்வளவு குறைக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளைச் 'சர்ஃபக்டன்ட்' என்கிறோம். சவர்க்காரமும் ஒரு சர்ஃபக்டன்ட்தான். நுரையீரல் தனக்கென ஒரு சர்ஃபக்டன்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

எடை பார்க்கும் பிளாட்டினத் தகடு

குமிழியைப் பார்த்து ஊகிப்பது ஒன்று, எண்ணாக அளப்பது வேறொன்று. அளப்பதற்கு உதவிய கருவி ஏற்கெனவே இருந்தது. 1863இல் ஜெர்மனியின் லுட்விக் வில்ஹெல்மி விளக்கிய முறை அது.

மெல்லிய பிளாட்டினத் தகடு ஒன்றை நுட்பமான தராசில் செங்குத்தாகத் தொங்க விடுங்கள். அதன் கீழ் விளிம்பு நீர்ப்பரப்பைத் தொட்டவுடன், நீர் தகட்டின் மேல் சற்று ஏறி அதைக் கீழ்நோக்கி இழுக்கும். தராசு அந்த இழுப்பைக் காட்டும். இழுக்கும் விசை தகட்டின் சுற்றளவைப் பொறுத்தது:

மேற்பரப்பு இழுவிசை = விசை ÷ தகட்டின் சுற்றளவு

தகட்டின் அகலம் 1 சென்டிமீட்டர் என்று கொள்வோம். தடிமன் மிகக் குறைவு என்பதால் அதை விட்டுவிடலாம். முன்பக்கம் 1, பின்பக்கம் 1 ஆகச் சுற்றளவு 2 சென்டிமீட்டர், அதாவது 0.02 மீட்டர். 37 டிகிரி நீரில் விசை 0.070 × 0.02 = 0.0014 நியூட்டன். தராசில் இது சுமார் 0.143 கிராம் கூடுதல் எடையாகத் தெரியும். இழுவிசை 10 ஆகக் குறைந்தால் தராசு சுமார் 0.020 கிராம் மட்டுமே காட்டும். ஒரு கிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் துல்லியமாகக் காட்டும் தராசு இருந்தால் போதும், மூலக்கூறு அளவில் நடப்பதை நாம் அளந்துவிடலாம்.

பிளாட்டினத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? நீர் அதன் மேல் முழுமையாகப் படிய வேண்டும். துளி அழுக்கு இருந்தாலும் நீர் சரியாகப் படியாது, எண் தவறாகிவிடும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் தகட்டைத் தீச்சுடரில் காட்டிச் சிவக்கச் சூடாக்கி, ஒட்டியிருக்கும் கொழுப்பையெல்லாம் எரித்துவிடுவார்கள். பிளாட்டினம் அந்தச் சூட்டைத் தாங்கும். விரலால் ஒருமுறை தொட்டால்கூடத் தோலின் எண்ணெய் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சவர்க்காரத்தால் கழுவி அரைகுறையாக அலசினாலும் அன்றைய அளவீடு பாழ்.

அமுக்கிப் பார்த்தார் கிளெமென்ட்ஸ்

இங்கேதான் நம் பாடத்தின் மையமான கருத்து வருகிறது. ஒரு கிண்ணத்தில் நுரையீரல் சாற்றை ஊற்றி, தகட்டைத் தொங்கவிட்டு, ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டால் அளவீடு முடிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி அளந்தால் இருபதுகளில் ஓர் எண் கிடைக்கலாம். நீரைவிடக் குறைவுதான். ஆனால் சவர்க்காரக் கரைசலும் முப்பதுக்கு அருகில் வந்துவிடுமே, இதில் என்ன சிறப்பு?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஓர் இராணுவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கிளெமென்ட்ஸ் இப்படி யோசித்தார்: நுரையீரலில் மேற்பரப்பு அசையாமல் கிடப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது விரிகிறது, விடும்போது சுருங்குகிறது. எனவே அளக்கும்போதும் மேற்பரப்பை விரித்துச் சுருக்க வேண்டும்.

அதற்காக அவர் ஆழமில்லாத ஒரு தொட்டியைப் பயன்படுத்தினார். அதில் நுரையீரல் சாற்றை ஊற்றினால் மேலே ஒரு படலம் உருவாகும். தொட்டியின் குறுக்கே ஒரு தடுப்பு உண்டு. தடுப்பை மெல்ல நகர்த்தினால் படலம் இருக்கும் பரப்பு குறையும். திருப்பி நகர்த்தினால் கூடும். பிளாட்டினத் தகடு அதே நேரத்தில் இழுவிசையை அளந்துகொண்டே இருக்கும்.

1957இல் அவர் வெளியிட்ட முடிவு இது: படலம் விரிந்திருக்கும்போது இழுவிசை சுமார் 46. அமுக்கிச் சுருக்கும்போது அது இறங்கிக்கொண்டே வந்து 10ஐத் தொட்டது. மீண்டும் விரித்தால் மறுபடி ஏறியது. அதுவும் இறங்கிய பாதையிலேயே ஏறவில்லை. வரைபடத்தில் போட்டால் ஒரு நெளிந்த வளையம் போல வரும்.

சவர்க்காரக் கரைசலை இப்படி அமுக்கினால் என்ன ஆகும்? நெருக்கப்படும் சவர்க்கார மூலக்கூறுகள் மேற்பரப்பை விட்டுக் கரைசலுக்குள் போய்விடும். அதனால் இழுவிசை பெரிதாக மாறாது. நுரையீரல் படலத்தின் மூலக்கூறுகளோ அமுக்கினாலும் இடத்தை விட்டுப் போவதில்லை. இந்த வேறுபாட்டை அசையாத கிண்ணத்தில் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

இழுவிசை மாறுவதால் நமக்கு என்ன பயன்? 0.05, 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள இரு நுண்ணறைகள் ஒரே குழாயில் இணைந்திருப்பதாகக் கொள்ளுங்கள். இரண்டிலும் இழுவிசை 25 ஆக இருந்தால், சிறியதில் அழுத்தம் 1,000 பாஸ்கல், பெரியதில் 500 பாஸ்கல். காற்று சிறியதிலிருந்து பெரியதற்குப் பாயும். சிறியது மூடிக்கொள்ளும். இப்போது சிறியதில் படலம் நெருக்கப்பட்டு இழுவிசை 10க்கு இறங்கட்டும். அதன் அழுத்தம் 400 பாஸ்கலாகக் குறைந்துவிடும். சிறிய அறை தப்பித்துக்கொள்ளும். எங்கே ஆபத்து கூடுகிறதோ அங்கே இழுவிசை தானாகவே குறைகிறது.

30 என்ற எண் சொன்ன செய்தி

அந்தக் காலத்தில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பல, பிறந்த சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறி, ஓரிரு நாள்களில் இறந்துபோயின. இறந்த குழந்தைகளின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது நுண்ணறைகளின் உள்ளே கண்ணாடி போன்ற ஒரு படிவு தெரிந்தது. அந்தப் படிவே மூச்சை அடைக்கிறது என்று பலர் நினைத்தார்கள். அது எங்கிருந்து வருகிறது, எப்படி நீக்குவது என்றே தேடினார்கள்.

பாஸ்டன் நகரில் இருந்த குழந்தைநல மருத்துவர் மேரி எலன் ஏவரி வேறு விதமாகக் கேட்டார்: அங்கே இருக்கக்கூடாதது எது என்று தேடுவதற்குப் பதில், இருக்க வேண்டியது எது இல்லை என்று பார்த்தால் என்ன? அவர் கிளெமென்ட்ஸின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று கருவியின் பயன்பாட்டைக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து, ஜெர் மீட் என்ற அறிவியலாளருடன் சேர்ந்து, இறந்துபோன குழந்தைகளின் நுரையீரல் சாற்றை அளந்தார்.

1959இல் முடிவு வெளிவந்தது. வேறு காரணங்களால் இறந்த, போதிய வளர்ச்சியடைந்த குழந்தைகளின் சாற்றை அமுக்கியபோது இழுவிசை 10க்கும் கீழே இறங்கியது. மூச்சுத் திணறலால் இறந்த குழந்தைகளின் சாற்றில் எவ்வளவு அமுக்கினாலும் அது சுமார் 30இலேயே நின்றுவிட்டது.

அந்த ஓர் எண்ணின் பொருளைக் கவனியுங்கள். குழந்தைகளைக் கொன்றது அந்தக் கண்ணாடிப் படிவு இல்லை. அவர்களின் நுரையீரலில் சர்ஃபக்டன்ட் போதுமான அளவு இல்லை. கருவில் சுமார் 24 வாரங்களில் சில சிறப்பு உயிரணுக்கள் இதைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. சுமார் 35ஆவது வாரத்தில்தான் போதிய அளவு சேர்கிறது. அதற்கு முன்பே பிறக்கும் குழந்தை ஒவ்வொரு மூச்சிலும் மூடிப்போன நுண்ணறைகளைப் புதிதாகத் திறக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் ஒரு புதிய பலூனை முதல்முறை ஊதும்போது கன்னம் வலிக்கிறதே, அந்த உழைப்பை அந்தக் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் செலவிடுகிறது. கடைசியில் களைத்துப் போகிறது.

காரணம் தெரிந்தது. மருந்து இன்னும் வரவில்லை. 1963 ஆகஸ்ட் 7ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை, பெட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. எடை சுமார் 2.1 கிலோகிராம். நாட்டின் சிறந்த மருத்துவர்கள் சூழ்ந்திருந்தும் 39 மணி நேரத்தில் அந்தக் குழந்தை இதே நோயால் இறந்தது. இன்று அதே எடையில், அதே வாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன.

தகட்டை விட்டுக் குமிழிக்கு

தொட்டி முறையில் ஒரு குறை உண்டு. படலத்தை மிகவும் அமுக்கும்போது அது தொட்டியின் சுவரில் ஏறியும், தடுப்பின் ஓரங்களில் கசிந்தும் தப்பிவிடும். அதனால் உண்மையான மிகக் குறைந்த இழுவிசை தெரியாமல் போகலாம். சோதனைக்கு நிறைய சாறும் தேவை. ஒரு பச்சிளங்குழந்தையிடமிருந்து கிடைப்பதோ சில துளிகள்தாம்.

1977இல் கோரன் என்ஹார்னிங் இதற்கு ஒரு வழி கண்டார். சாற்றின் உள்ளே ஒரே ஒரு காற்றுக் குமிழியை உருவாக்கி, அதை நிமிடத்திற்கு 20 முறை பெரிதாக்கிச் சிறிதாக்கினார். குமிழியின் ஆரம் 0.55 மில்லிமீட்டரிலிருந்து 0.40க்குக் குறைந்து மீண்டும் கூடும். ஆரமும் தெரியும், அழுத்தத்தையும் கருவி அளந்துவிடும். லாப்லாஸ் விதியைத் திருப்பிப் போட்டால் இழுவிசை கிடைத்துவிடும். ஏறக்குறைய ஒரு செயற்கை நுண்ணறை மூச்சு விடுவது போல்தான் இது.

1989இல் சாமுவேல் ஷூர்க் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். மூடிய அறை ஒன்றில் சர்ஃபக்டன்ட் கரைசலை நிரப்பி, அகார் கூழால் ஆன கூரையின் அடியில் ஒரு குமிழியை மிதக்க விட்டார்கள். குமிழியைத் தொட்டுக்கொண்டு குழாய் எதுவும் இல்லாததால் படலம் கசிந்து தப்ப வழியே இல்லை. அறையின் அழுத்தத்தைக் கூட்டினால் குமிழி சுருங்கும். அப்போது அதன் வடிவத்தைப் படம் எடுப்பார்கள். இழுவிசை அதிகமாக இருந்தால் குமிழி பந்துபோல் உருண்டையாக இருக்கும். இழுவிசை குறையக் குறைய, கூரையில் அழுந்தி இட்லி போலத் தட்டையாகும். வடிவத்தை வைத்தே இழுவிசையைக் கணக்கிடலாம். இந்த முறையில் நல்ல சர்ஃபக்டன்ட் 1 மில்லிநியூட்டன்/மீட்டர் அளவுக்கும் கீழே இறங்குவது தெரிந்தது. பேட்டில் குமிழிகளைப் பார்த்து ஊகித்தது சரியே.

அந்தப் படலத்தில் என்ன இருக்கிறது?

நுரையீரல் சர்ஃபக்டன்டில் சுமார் 90 விழுக்காடு கொழுப்பு, 10 விழுக்காடு புரதம். கொழுப்புகளில் முதன்மையானது டிபிபிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்று. இந்த மூலக்கூற்றின் தலை நீரை விரும்பும். இரண்டு நீண்ட வால்கள் நீரை வெறுக்கும். அதனால் தலை நீரிலும் வால்கள் காற்றிலுமாக அது மேற்பரப்பில் நிற்கும். வால்கள் நேராக இருப்பதால், அமுக்கும்போது அடுக்கி வைத்த தீக்குச்சிகளைப் போல நெருக்கமாக நிற்க முடிகிறது. இடையில் நீர் மூலக்கூறுகளுக்கு இடமே இருக்காது. இழுவிசை சுழியத்தை நெருங்குவது அதனால்தான்.

டிபிபிசி நெகிழ்ந்து உருகும் வெப்பநிலை 41 டிகிரி. நம் உடலோ 37 டிகிரி. எனவே உடலுக்குள் அது இறுக்கமாக நிற்கிறது. அளவீட்டை அறை வெப்பநிலையில் செய்தால் படலம் வேறு விதமாக நடந்துகொள்ளும். ஆய்வாளர்கள் கருவியை 37 டிகிரியில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் டிபிபிசியை மட்டும் கொடுத்தால் போதாதா? 1960களில் அதை நுண்துளிகளாக்கிக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. இறுகி நிற்கும் பொருள் விரைவாகப் பரவாது. ஒவ்வொரு மூச்சிலும் புதிதாக விரியும் பரப்பை ஒரு நொடிக்குள் மூட வேண்டுமே! அந்த வேலைக்குச் சர்ஃபக்டன்டில் உள்ள சிறிய புரதங்கள் தேவை. ஆக, எவ்வளவு குறைகிறது என்பதோடு எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதையும் அளக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அளவீட்டிலிருந்து சிகிச்சைக்கு

1971இல் ஜார்ஜ் கிரெகரி குழுவினர், குழந்தை மூச்சை வெளியே விடும்போதும் நுரையீரலில் சிறிது அழுத்தம் நிலைத்திருக்கும்படி செய்து, நுண்ணறைகள் மூடாமல் காத்தார்கள். 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி இருவரும், குறைமாதப் பிரசவம் நேரலாம் என்ற நிலையில் உள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவாக முதிர்கிறது என்று காட்டினார்கள்.

அதே 1972இல் கிளெமென்ட்ஸ் குழுவினர் ஒரு படுக்கையோரச் சோதனையை வெளியிட்டார்கள். கருவின் நுரையீரல் நீர் பனிக்குட நீரில் கலக்கிறது. அந்தப் பனிக்குட நீரை ஆல்கஹாலுடன் கலந்து, சோதனைக் குழாயில் 15 நொடி குலுக்கி, 15 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். மேலே குமிழி வளையம் உடையாமல் நின்றால் சர்ஃபக்டன்ட் இருக்கிறது என்று பொருள். குழந்தை பிறக்கும் முன்பே அதன் நுரையீரல் தயாரா என்று அறிய, விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

1980இல் ஜப்பானின் தெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்த சர்ஃபக்டன்டில் சில கொழுப்புகளைச் சேர்த்து, மூச்சுத் திணறிய 10 குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தினார். குழந்தைகளின் மூச்சு சீரானது. அதன் பிறகு உலகெங்கும் மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை பரவியது. இன்றும் இத்தகைய மருந்தை உருவாக்கும்போது அது எவ்வளவு கீழே இறங்குகிறது, எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்று அளந்து பார்க்கிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

வில்ஹெல்மி தகடு பள்ளியில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு சொட்டுக் குழாயும் 10 மில்லிலிட்டர் அளவுக்குவளையும் இருந்தால் போதும். துளியின் எடை இழுவிசையைப் பொறுத்தது. இழுவிசை அதிகமாக இருந்தால் துளி பெரிதாகும் வரை குழாயில் தொங்கும். குறைவாக இருந்தால் சிறிய துளியாகவே விழுந்துவிடும்.

1. சொட்டுக் குழாயையும் குவளையையும் நன்றாக அலசி உலர விடுங்கள்.
2. குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, தூய நீரை மெதுவாகச் சொட்ட விடுங்கள். 5 மில்லிலிட்டர் நிறைய எத்தனை துளிகள் என்று எண்ணுங்கள்.
3. அதே குழாயில், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் சில துளிகள் கலந்த நீரை எடுத்து, அதே போல எண்ணுங்கள்.
4. ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

கரைசலின் இழுவிசை = 72 × (நீரின் துளி எண்ணிக்கை ÷ கரைசலின் துளி எண்ணிக்கை)

எடுத்துக்காட்டாக, நீருக்கு 100 துளிகளும் கரைசலுக்கு 230 துளிகளும் வந்தால், 72 × 100 ÷ 230 = சுமார் 31. இது தோராயமான அளவுதான். என்றாலும் இரு திரவங்களை ஒப்பிட மிகவும் ஏற்றது. முதலில் நீரையும் பிறகே சவர்க்காரக் கரைசலையும் எடுங்கள். மாற்றிச் செய்தால் குழாயில் ஒட்டிய சவர்க்காரம் நீரின் எண்ணையும் கெடுத்துவிடும்.

இப்போது உங்களுக்குக் கிடைத்த எண்ணைப் பாருங்கள். மூச்சுத் திணறலால் இறந்த குழந்தைகளின் நுரையீரல் சாற்றில் ஏவரி கண்ட எண்ணும் ஏறக்குறைய இதுதான். உங்கள் சோதனை அசையாத ஒரு மதிப்பை மட்டும் தருகிறது. உயிரைக் காக்கும் அந்தக் கூடுதல் இறக்கத்தைக் காண, மேற்பரப்பை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

பயிற்சி

1. 2 சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய தகடு ஒரு கரைசலைத் தொட்டபோது தராசு 0.102 கிராம் கூடுதலாகக் காட்டியது. கரைசலின் மேற்பரப்பு இழுவிசை என்ன? (புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீட்டர்/நொடி²)

2. குறைமாதக் குழந்தை ஒன்றின் நுண்ணறை ஆரம் 0.05 மில்லிமீட்டர். இழுவிசை 30 ஆக இருக்கும்போது அழுத்தம் என்ன? சர்ஃபக்டன்ட் செலுத்தியபின் இழுவிசை 5 ஆனால் அழுத்தம் என்ன?

3. நுரையீரல் படலத்தின் இழுவிசையை ஒரே ஓர் எண்ணாகச் சொல்வது ஏன் போதாது? மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள்.

விடைகள்: (1) விசை சுமார் 0.001 நியூட்டன், சுற்றளவு 0.04 மீட்டர், இழுவிசை 25 மில்லிநியூட்டன்/மீட்டர். (2) 1,200 பாஸ்கல், 200 பாஸ்கல். குழந்தையின் சுமை ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. மூன்றாவது கேள்விக்கான விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டிக் கலந்துரையாடுங்கள்.